அடைப்புக்குறியும் வாய்மையும்

ஆங்கிலத்திலே 'பிராக்கெட்' என்னும் ஒரு சொல் பல பொருட்கு உரியது. சுவரிற் பதித்துப் பலகையைத் தாங்கும் இரும்புத் தாங்கி, மரத்தின் பக்கத்தே தட்டுப்போற் புடைத்தெழும் காளான், எழுத்தினிடையே இடும் அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் அஃது உணர்த்தும். தமிழிலோ இவற்றிற்கு வெவ்வேறு பெயர்கள் உள. கோயில் தூணின் தலையில் நின்று உத்தரத்தைத் தாங்கும் உறுப்பிற்குப் போதிகை என்பது பெயர். பல்லவர், சோழர், விஜயநகர வேந்தர் காலங்களில் அதன் வடிவு மாறி வந்தமையால், அதனைக்கொண்டு கோயிலின் காலத்தை உணரலாம் என்பதை ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1914-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

தாங்கியும் போதிகையும் சுமப்பன. காளானோ தான் பற்றிய மரத்தையே உண்டு உளுக்கச் செய்வது. எழுத்திடை நிற்கும் அடைப்பு எவ்வினத்தைச் சாரும்? அது நம் நேர்மையைப் பொறுத்தது என்பதே எனது கருத்து.

பழைய ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. அச்சோடு வந்தவை இவை. வட்ட அடைப்பை நாம் பிறை என்கின்றோம். 16-ஆம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்முஸும் இலத்தீனிற் 'சிறுபிறை' எனப் பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார். 'ப' என்னும் எழுத்தையொத்த அடைப்புப் பகர அடைப்பு. கிரேக்க, இலத்தீன் சாசனங்களைப் பதிப்பிப்போர் 1931-ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் ஒரு நெறி வகுத்தனர். அதன்படி, சிதைந்தொழிந்த எழுத்துக்களை ஊகித்து நிரப்பின் பகர அடைப்பு; சுருக்கெழுத்தை விரித்தெழுதின் பிறை; எழுதினோன் மறந்து விட்டதைச் சேர்ப்பின் கோண அடைப்பு; அவன் மிகையாக எழுதியதைச் சுட்டின் நெளிவடைப்பு. மூலம் எது, பதிப்பாசிரியர் கூற்று எது என்பது இதனால் மயக்கமின்றி விளங்கும்.

இதன் அருமையை யான் பிழை செய்தே கற்றேன். ஒரு கல்வெட்டு வாசகத்தைக் கட்டுரைக்கெனப் பெயர்த்தெழுதியபொழுது, பகர அடைப்புக்கள் கண்ணுக்கு இடையூறென்று கருதி அவற்றை விடுத்தேன். அதிற் கண்ட ஊர்ப்பெயரை ஆதாரமாக்கி முடிபும் கூறினேன். ஆசிரியர் அதனைப் படித்துவிட்டு, "இப்பெயரைக் கல் சொல்லிற்றா, பதிப்பித்தவர் சொன்னாரா?" என்று வினவினார். விடை கூற இயலாது நாணி நின்றேன். கட்டுரை முழுவதும் பிறர் ஊகத்தின்மேல் நின்றது. அதனை ஊகமென்று அவர் காட்டியிருந்தும் யான் மறைத்துவிட்டேன்.

வேதாகமத்தைப் பற்றியும் ஒன்று கூறத் துணிகின்றேன். மாற்கு சுவிசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், 4-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனாய், வத்திக்கான் தோற்சுவடிகளில் இல்லை. ஆதலின் இக்காலத்துக் கிரேக்கப் பதிப்பாளர் அவற்றை இரட்டைப் பகர அடைப்புள் அச்சிடுகின்றனர். இது கண்டு மனங்கலங்குவோர் உளர். யானும் முதலிற் கலங்கினேன். இப்பொழுதோ, உள்ளதை உள்ளதென்றும் ஐயத்தை ஐயமென்றும் உரைப்பது விசுவாசத்திற்குப் பகையன்று, அதன் கடமையே என்று எண்ணுகின்றேன்.

ஆதலின், உடன் பயிலும் நண்பர்காள்! மேற்கோள் எடுத்தெழுதுங்கால் அடைப்பையும் உடன் எழுதுமின். ஊகமானது அடைப்போடு நிற்குங்கால் போதிகையாய் நின்று மூலத்தைத் தாங்கும். அடைப்பு நீங்கின் காளானாய் அதனை அரிக்கும்.