விதியின் மேல் பழி போடுவதற்கில்லை: யாகமும் ஆபத்துக்கால ஏற்பாடும் குறித்துச் செயலவையின் நிலைப்பாடு

ஆலயப் பொதுக்கூட்டத்தில் எழுந்த வாக்குவாதம் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் அடங்கவில்லை. நடந்ததை உறுப்பினர்கள் அறிவார்கள். மின்கம்பிச் சோதனை, தீயணைப்புக் கருவி, வெளியேறும் பயிற்சி ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. வட்டார நலன் வேண்டிச் சிறப்பு யாகம் நடத்தும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று செயலவை கருதுகிறது. யாகம் குறித்த நாளில் நடக்கும். ஒத்திவைத்த தீர்மானம் அடுத்த கூட்டத்தில் முதல் அலுவலாக வரும்.

அந்த விவாதத்தில் விழுந்த ஒரு பேச்சை மட்டும் செயலவையால் கேட்டும் கேளாமல் விட முடியவில்லை. 1991-இல் நடந்தது விதி, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார் ஒருவர். சிலர் தலையாட்டினார்கள். சுங்கை பூலோவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா?

1991 மே 7, பிற்பகல் 3.45 மணியளவில் இங்கிருந்த பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கம்போங் பாரு வீடுகளின் கூரைகள் பெயர்ந்தன. வேலைக்குப் போனவர்கள் அன்று இரவு வீடு திரும்பவில்லை. பிறகு அமைந்த அரச விசாரணை ஆணையத்தின் முன் வெளிவந்தவை எவை? தொழிலாளர்கள் சாப்பிடும் கேண்டீனை ஒட்டியே வெடிமருந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே வெடிபொருள் குவிந்து கிடந்திருக்கிறது. சோதனையை எங்கே நடத்துவது என்று முடிவு செய்தவர் மனிதர். சரக்கை எங்கே அடுக்குவது என்று சொன்னவரும் மனிதர்தான். இதில் எந்தக் கிரகத்துக்கு என்ன வேலை?

விதி என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகும். முதலாளிக்கு அதைவிட மலிவான வழக்கறிஞர் கிடைக்க மாட்டார். இறந்தவர்கள் பூர்வ ஜென்மத்தில் ஏதோ செய்திருப்பார்கள் என்ற பேச்சு இந்த ஆலய மண்டபத்தில் இனி எழக்கூடாது. (இவ்வாக்கியத்தைச் சற்று மென்மையாக்கலாம் என்ற யோசனை வந்தது, பெரும்பான்மையினர் ஏற்கவில்லை.)

விதி என்று எல்லாரும் கைகட்டி நின்றிருந்தால் சட்டமும் மாறியிருக்காது. 1994-இல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்ததற்கு இந்த வெடிப்பும் ஒரு காரணம். 1996-இல் வந்த பெரும் தொழில்துறை விபத்துக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. அபாயகரமான பொருள்களைப் பேரளவில் வைத்திருக்கும் நிறுவனம், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்தத் தகவலைக் கேட்டு இவ்வட்டாரத்திலிருந்து ஒரு கடிதம்கூட இந்த ஆலயத்தின் பெயரில் போனதில்லை.

புத்ரா ஹைட்ஸ் வெடிப்பும் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், காலை எட்டு மணி கடந்த நேரம். பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்து நெருப்பு முப்பது மீட்டருக்கு மேல் எழுந்தது. செருப்பு மாட்டக்கூட நேரமின்றி ஓடியவர்களின் பாதம் தார்ச்சாலைச் சூட்டில் வெந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தும் அந்த இடத்தில் உயிர்ச்சேதம் இல்லை. அம்மன் காத்தாள் என்று அன்று விளக்கேற்றியவர்களைச் செயலவை மதிக்கிறது. செயலவையிலேயே பலர் ஏற்றினார்கள். குழாயைத் தாங்கிய மண் வலுவிழந்ததே காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது.

அன்று புத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசல் நிவாரண மையமானது. ஓடிவந்தவர்களுக்கு அங்கே கதவு திறந்திருந்தது. நம் மண்டபத்தின் நிலை என்ன? பின்வாசல் பூட்டின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. அவர் வார இறுதியில் ஊரில் இருப்பதில்லை. அன்னதானச் சமையற்கட்டில் கேஸ் தோம்புகள் கதவை அடைத்து நிற்கின்றன. தீயணைப்புக் கருவியின் முன்னால் வாழையிலைக் கட்டு. கருவியில் தொங்கும் அட்டையின் தேதி எப்போதோ முடிந்துவிட்டது.

முன்னேற்பாடு செய்வது நம்பிக்கைக் குறைவு என்ற வாதத்துக்குப் பதில் ஆலய வழக்கத்திலேயே இருக்கிறது. தீமிதியில் பூக்குழியின் முடிவில் பால்குழி வெட்டாமல் யாரும் இறங்கச் சொல்வதில்லை. தொண்டர்கள் இருபுறமும் நிற்கிறார்கள். தடுமாறுபவரைக் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். பக்தனின் விரதத்தை அது குறைத்ததாக எந்தப் பூசாரியும் சொன்னதில்லை.

பட்டாசு விஷயத்தில் செயலவை ஒரே கருத்தில் இல்லை. அறவே வேண்டாம் என்போரும் உண்டு, சாமி புறப்பாட்டில் சிறிதளவு இருக்கட்டும் என்போரும் உண்டு. 2016 ஏப்ரல் 10 அன்று கேரளத்தின் புட்டிங்கல் கோயிலில், மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்த பிறகும் நடத்திய வாணவேடிக்கை நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதை இரு தரப்பும் அறியும். இப்போதைக்கு எட்டிய உடன்பாடு: அனுமதியின்றி வாங்கிய பட்டாசு வளாகத்துக்குள் வராது, அனுமதி பெற்றதையும் சூழலுக்கேற்பத் தவிர்க்கலாம். ரத ஊர்வலப் பாதையில் மின்கம்பிகள் முன்னதாகப் பார்வையிடப்படும். தஞ்சை களிமேட்டில் 2022-இல் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

தீயணைப்புத் துறையை (பொம்பா) அழைத்துப் பயிற்சி நடத்துவதைச் செயலவை கொள்கை அளவில் ஏற்கிறது. பயிற்சி நடக்கும் நாளைப் பொருளாளர் அறிவிப்பார். பின்வாசலுக்கு மேலும் இரண்டு சாவிகள் வெட்டப்படும்; ஒன்று அர்ச்சகரிடமும் மற்றொன்று எதிர்க்கடைக்காரரிடமும் இருக்கும். தோம்புகள் இந்த வாரமே வெளியே போகும், இதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு, என்ன பொருள் வைத்திருக்கிறீர்கள், ஆபத்து வந்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டுக் கடிதம் போகும். 30 நாளில் பதில் தராத நிறுவனத்தின் பெயர் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்ன இரு செயலவை உறுப்பினர்களின் ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது.