1610 எப்படி 1597 ஆகிறது? ஞாயிற்றுக்கிழமை செஸ் ஹாலில் நடக்கும் தில்லுமுல்லு!

ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டு. சென்னையில் பாதிப் பேர் கறிக்கடை வாசலில் நிற்கிற நேரம். தாம்பரம் பக்கமிருந்தும் ஆவடி பக்கமிருந்தும் வருகிற மின்சார ரயில்களில் இருந்து ஒரு கூட்டம் இறங்குகிறது. ஆபீஸ் கூட்டம் அல்ல. கையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு பேனா. சிலர் கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். போகிற இடம் ஒரு பள்ளிக்கூட ஹால், அல்லது முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மா கிடக்கிற கல்யாண மண்டபம். வாசலில் பேனர் தொங்குகிறது. "1600 புள்ளிக்குக் கீழ் உள்ளவர்களுக்கான செஸ் போட்டி."

பெரிய ஆட்டக்காரர்களின் போட்டி அல்ல இது. விசுவநாதன் ஆனந்த் இங்கே வரமாட்டார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகப் பட்டத்தைத் தட்டி வந்த குகேசும் வரமாட்டார். வந்தாலும் சேர்க்க மாட்டார்கள்!

வருகிறவர்கள் யார்? வங்கி குமாஸ்தா, மருந்துக்கடைக்காரர், பென்ஷன் வாங்கும் வாத்தியார், பாலிடெக்னிக் மாணவர், மூன்றாம் வகுப்புப் பையன், அவன் அக்கா. இந்த நகரத்தில் வயசு, சம்பளம், படிப்பு எதையும் கேட்காமல் ஆளுக்கு ஆள் எதிரெதிரே உட்கார வைக்கிற இடம் இது மாதிரி எத்தனை இருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த இடத்தில்தான் சிலர் கைவரிசை காட்டுகிறார்கள்.

லெட்ஜர் கணக்கு

செஸ் ஆடுகிறவருக்கு ரேட்டிங் என்பது கடைக்காரருக்கு லெட்ஜர் மாதிரி. ஜெயித்தால் வரவு, தோற்றால் பற்று. இந்தக் கணக்கை வகுத்தவர் அர்பாத் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பேராசிரியர், பாடம் இயற்பியல். அமெரிக்க செஸ் சங்கம் 1960லும், உலக சம்மேளனமான ஃபிடே 1970லும் இதை ஏற்றுக்கொண்டன. பலசாலியை ஜெயித்தால் நிறையப் புள்ளி வரும். நோஞ்சானிடம் தோற்றால் நிறையப் புள்ளி போகும். மாதம் பிறந்தால் ஃபிடே புதிய பட்டியல் வெளியிடும்.

உலகத்தின் உச்சாணிக் கொம்பில் இருப்பவர்களுக்கு 2700, 2800. நம்ம குமாஸ்தாவுக்கு 1480, 1520. அதனால்தான் 1600க்குக் கீழ், 1800க்குக் கீழ் என்று கோடு கிழித்துத் தனிப் போட்டி வைக்கிறார்கள். கோடு இல்லாவிட்டால் பரிசு முழுக்க மேலே இருப்பவர்கள் வாரிக்கொண்டு போவார்கள். வாரம் ஆறு நாள் லெட்ஜரோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாள் ஆட வருகிறவருக்கு ஒரு கப் கூடக் கிடைக்காது.

ஆட்டத்தை நடத்துகிற முறையும் நல்ல முறை. "சுவிஸ்" என்பார்கள். 1895ல் சூரிச் நகரத்தில் முதலில் பிடித்துப் பார்த்தார்கள். தோற்றவரை வீட்டுக்கு அனுப்புவது கிடையாது. ஜெயித்தவருக்கு அடுத்த சுற்றில் ஜெயித்தவர் ஜோடி, தோற்றவருக்குத் தோற்றவர் ஜோடி. சனியும் ஞாயிறுமாக ஐந்தாறு சுற்று. காசு கட்டினவர் கடைசிச் சுற்று வரை ஆடலாம். முதல் மேஜையில் சாம்பியன் பட்டத்துக்குச் சண்டை நடக்கும்போது, ஹாலின் கடைக்கோடி மேஜையில் ஒரு ஆட்டமும் ஜெயிக்காத இரண்டு பேர் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

சட்டமும் கறாரானது. காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். விதிக்கு விரோதமாகக் காய் நகர்த்தினால் முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிஷம் கூடும். இரண்டாம் தடவை ஆட்டமே போச்சு. பையில் போன் ஒலித்தாலும் ஆட்டம் காலி. நடுவர் வந்து நின்றால் மாமனார் வந்து நின்ற மாதிரி எல்லோரும் அடக்கம்.

இவ்வளவு கறாராக நடக்கிற இடத்தில் ஓட்டை எங்கே?

13 புள்ளி

ஒருவர் 1610 வைத்திருக்கிறார் என்று வையுங்கள். 1600 போட்டியில் அவருக்கு இடம் இல்லை. அவர் வேறொரு போட்டிக்குப் போகிறார். பரிசு பெரிதாக இல்லாத சாதாரணப் போட்டி. அங்கே 1500 புள்ளிக்காரர் ஒருவரிடம் தோற்கிறார். பெரியவர்களுக்கான ஃபிடே கணக்குப்படி 13 புள்ளி குறையும். 1610 போய் 1597 வரும். அடுத்த மாதப் பட்டியல் வந்ததும் ஆள் 1600 போட்டியில் முதல் வரிசையில் உட்காருவார். ரொக்கப் பரிசை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுப் போவார்.

உண்மையாகவே தோற்றிருந்தால் தப்பில்லை. யாருக்கும் சறுக்கும். வேண்டுமென்றே தோற்றிருந்தால்? அது மோசடி. வெளிநாட்டில் இதற்கு "சாண்ட்பேக்கிங்" என்று பெயர். ஹாலில் பேசுகிற தமிழில் "ரேட்டிங்கை அமுக்கி வைக்கிறான்" என்பார்கள். முடிவைச் செட்டப் செய்வது ஃபிடே ஒழுக்க விதிப்படி குற்றம்.

ஆனால் பிடிப்பது எப்படி? பிக்பாக்கெட்டுக்காரன் கையில் பர்ஸ் இருக்கும். கள்ளநோட்டுக்காரன் வீட்டில் அச்சு இருக்கும். இவர் கையில் என்ன இருக்கிறது? தோற்ற ஆட்டத்தின் குறிப்புத்தாள். "யானையைக் கவனிக்கலை சார், போயிடுச்சு" என்றால் முடிந்தது. 1600க்குக் கீழ் ஆடுகிறவர்கள் தினமும் யானையைக் கோட்டை விடுகிறவர்கள்தானே! எந்த நடுவர் சத்தியம் செய்து சொல்ல முடியும்? திருட்டுக்குத் தடயமும் நேர்மையான தவறுக்குத் தடயமும் ஒரே மாதிரி இருப்பதுதான் இதில் உள்ள விவகாரம்.

பறிபோவது யாருடைய பணம் என்று பாருங்கள். இந்தப் போட்டிகளுக்குக் கோடீசுவரர்கள் படியளப்பதில்லை. ஆடுகிறவர்கள் கட்டுகிற நுழைவுக் கட்டணம்தான் பெரும்பாலும் பரிசுப் பணமாகத் திரும்புகிறது. ஆயிரம் ரூபாயைத் தாண்டும் கட்டணமும் உண்டு. அண்ணன் தம்பி இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் மளிகை பில்லில் கை வைக்க வேண்டும். அந்தக் காசைத்தான் 1597காரர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். ஒருவர் பர்ஸை அடித்தால் திருட்டு. ஒரு ஹால் முழுக்க இருப்பவர்கள் பர்ஸை அடித்தால் அதற்குப் பெயர் முதல் பரிசா?

பையன் குற்றவாளி அல்ல

இங்கே ஒரு எச்சரிக்கை. சந்தேகம் கிளம்பினால் முதலில் மாட்டுவது சின்னப் பிள்ளைகள்தான். அது தப்பு.

நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருக்கும் பையன் 1430 என்று போட்டிருப்பான். நாற்பது நிமிஷத்தில் 1570 குமாஸ்தாவின் ராஜாவை மூலையில் போட்டு அமுக்குவான். தோற்றவர் எழுந்து வருவார். முகம் சுண்டிப் போயிருக்கும். வாசலில் நிற்கும் அப்பாவிடம், "உங்க பையனா சார்? இவன் 1430ஆ? நம்பற மாதிரியா இருக்கு?" என்பார். அப்பாவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

பையன் அமுக்கி வைக்கவில்லை. அவன் வளர்கிற வேகத்துக்குப் பட்டியல் ஓடவில்லை, அவ்வளவுதான். தினமும் பயிற்சிக்குப் போகிறான். கம்ப்யூட்டரில் நூறு புதிர் போடுகிறான். இது தெரிந்துதான் ஃபிடே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 2300 புள்ளிக்குக் கீழ் இருக்கும் வரையில், பெரியவர்களைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் புள்ளி ஏறவும் இறங்கவும் வைத்திருக்கிறது. அப்படியும் பட்டியல் மாதம் ஒரு தடவைதான் வருகிறது. பையன் வாரம் ஒரு தடவை வளர்கிறான்.

2024 மார்ச் 1ந் தேதி ஃபிடே ஒரு பெரிய திருத்தம் செய்தது. 2000க்குக் கீழ் இருந்த எல்லோருக்கும் ஒரே நாளில் புள்ளியைக் கூட்டியது. 1000 இருந்தவர் 1400 ஆனார். 1500 இருந்தவர் 1700 ஆனார். 1400க்குக் கீழ் பட்டியலே இல்லை என்று ஆக்கியது. பிள்ளைகளின் குறைந்த புள்ளி பெரியவர்களின் புள்ளியையும் இழுத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம். திருத்தம் நல்லதுதான். ஆனால் அது நேர்மையாக ஆடுகிறவர்களின் கணக்கைத்தான் சரி செய்யும். வேண்டுமென்றே தோற்கிறவரை எந்தக் கணக்கும் ஒன்றும் செய்யாது.

பூட்டு இருக்கிறது

ஈலோ வாழ்ந்த அமெரிக்காவில் இந்தக் கூத்தை எப்போதோ பார்த்துவிட்டார்கள். அங்கே பிலடெல்பியா உலக ஓபன் போன்ற போட்டிகளில் கீழ்ப் பிரிவுகளுக்கே ஆயிரக்கணக்கான டாலர் பரிசு. ஆசை யாரை விட்டது? அமெரிக்க சங்கம் இரண்டு பூட்டுப் போட்டது. ஒன்று, ஒருவர் தொட்ட உச்சப் புள்ளியிலிருந்து சுமார் 200 புள்ளிக்குக் கீழே அவரை இறங்க விடுவதில்லை. 1941 வரை ஏறியவர் எவ்வளவு தோற்றாலும் 1700தான் அவருக்குத் தரை. இரண்டாவது பூட்டு இன்னும் கெட்டி. 2000க்குக் கீழ் போன்ற ஒரு பிரிவில் 2,000 டாலரோ அதற்கு மேலோ பரிசு வாங்கினால், அந்தக் கோட்டுக்குக் கீழே அவர் மறுபடி இறங்கவே முடியாது. ஒரு தடவை அள்ளியவர் திரும்ப வந்து அள்ள முடியாது.

உலகப் பட்டியல் ஃபிடே கையில் இருக்கிறது. அதை உள்ளூர்க்காரர் மாற்ற முடியாது. ஆனால் போட்டியில் யாரைச் சேர்ப்பது என்ற நிபந்தனையை எழுதுவது நடத்துகிறவர் கைதானே? "இந்த மாதப் பட்டியலில் 1600க்குக் கீழ்" என்று எழுதுவதற்குப் பதில் "கடந்த 12 மாதத்தில் ஒரு மாதம் கூட 1600ஐத் தொடாதவர்" என்று எழுதினால் போதும். பழைய பட்டியல்கள் எல்லாம் ஃபிடே இணையதளத்தில் பகிரங்கமாகக் கிடக்கின்றன. ஒரு பெயருக்கு அரை நிமிஷம் போதும். 1610காரரின் 13 புள்ளி வித்தை அங்கேயே படுத்துவிடும்.

உண்மையாகவே சரிந்து போனவர் கதி? வயசானவர், உடம்புக்கு முடியாதவர் இருப்பார்கள். அவர்கள் ஒரு வருஷம் 1800 போட்டியில் ஆடட்டும். அது கஷ்டம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவருக்கு வரும் அந்தக் கஷ்டத்தையும் ஹால் முழுக்க ஏமாறுவதையும் தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று பரிசுப் பணம். முதல் பரிசில் கொட்டுகிற ரொக்கத்தைக் குறைத்து, அதை முதல் முப்பது நாற்பது பேருக்கும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், பெண்களுக்கும், ரேட்டிங்கே இல்லாத புதியவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் திருட வருகிறவருக்கே சலித்துப் போகும். பஸ் சார்ஜுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் இல்லாத பரிசுக்காக எவன் மெனக்கெட்டுத் தோற்பான்?

வாசற்படியில் அம்மாக்கள்

ஹாலுக்கு வெளியே நடப்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. உள்ளே ஆட்டக்காரர்கள் தவிர யாருக்கும் இடமில்லை. அது சரியான விதி. ஆனால் வெளியே? அம்மாக்கள் வாசற்படியில், தாத்தாக்கள் மரத்தடியில். சித்திரை வெயிலிலும் இதே கதி. பல இடங்களில் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி கூடக் கிடையாது. நூற்றுக்கணக்கான பேர் வருகிற இடத்தில் கக்கூசு இரண்டு, தண்ணீர்க் குழாய் ஒன்று. ஒன்பது மணி என்று அறிவித்த முதல் சுற்று பத்தரைக்குத் தொடங்கினால் கடைசிச் சுற்று முடியும்போது இருட்டிவிடும். மறுநாள் பள்ளிக்கூடம், ஆபீஸ்.

2022ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே சதுரங்கக் கட்டம் பூசி ஊர் அழகு பார்த்தது. சந்தோஷம்தான். அந்தப் பெயின்ட் செலவில் ஒரு பங்கை இந்த வாசற்படிப் பக்கம் திருப்பினால் என்ன? மாநகராட்சிக்குச் சமூக நலக் கூடங்கள் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் குறைந்த வாடகைக்கு விட்டால் நடத்துகிறவருக்கும் நுழைவுக் கட்டணத்தைக் குறைக்க வழி பிறக்கும். கட்டணம் குறைந்தால் வருகிற கூட்டம் கூடும்.

மானுவல் ஆரோன் 1961ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனபோது இந்த ஊரில் இவ்வளவு போட்டியும் கிடையாது, இவ்வளவு ரேட்டிங்கும் கிடையாது. 1972ல் சோவியத் கலாசார நிலையத்தில் தால் செஸ் கிளப் வந்தது. அங்கே காய் நகர்த்திப் பழகிய பையன் ஆனந்த் 1988ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தக் கிளப்பில் அவரோடு ஆடித் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். பேர் தெரியாத ஆட்டக்காரர்கள். இன்று 1600 ஹாலில் உட்காருகிறவர்கள் அவர்களுடைய வாரிசுகள்.

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கிறவர்கள் "12 மாதம்" என்ற அந்த ஒரு வரியைச் சேர்த்து அடிக்கட்டும். கூடுதல் செலவு ஒரு பைசா கிடையாது.