பரிவுக்கன்று, பாவைக்கே விலை

சென்ற ஆண்டு எம் பள்ளியின் விற்பனை நாளன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தான் செய்த கைப்பாவை ஒன்றை மேசைமீது வைத்துக் காத்திருந்தான். அது ஒரு நரி. ஸ்பாஞ்சினால் ஆன தலை, பழைய சட்டைத் துணியால் போர்வை, பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துச் செய்த கண்கள். ஒரு காது மட்டும் சற்றே சரிந்திருந்தது. அங்கு வந்த பெரியவர் ஒருவர் பத்து வெள்ளித் தாளை அவனிடம் நீட்டினார். அவன் நரியைப் பையிலிட முற்பட்டபோது, "வேண்டாம் தம்பி, பொம்மையை நீயே வைத்துக்கொள். தமிழ்ப்பள்ளிக்கு நான் செய்த உதவியாக இருக்கட்டும்" என்று கூறிவிட்டு அடுத்த மேசைக்குச் சென்றார். அவர் நல்லுள்ளம் படைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சிறுவனின் முகம் வாடியதை நான் கண்டேன். அவர் ஐந்து வெள்ளிக்குப் பேரம் பேசி நரியை வாங்கிச் சென்றிருப்பின் அவன் துள்ளிக் குதித்திருப்பான்.

கைப்பாவை செய்யும் பயிற்சி தமிழ்ப்பள்ளிகளில் இடம்பெற வேண்டும் என்று கூறுவோர் பலர். நானும் அதனை வரவேற்கின்றேன். ஆனால், செய்யக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், சரியான விலை கூறி விற்கவும் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. சரியான விலை என்பது, செய்தவரின் உழைப்பு நேரத்திற்கும் கூலி சேர்த்த விலை. பரிவினால் கிடைக்கும் பணம், அது எவ்வளவு பெரிதாயினும், அவ்விலை ஆகாது.

இதனைப் பேராக் மாநிலத்தில் வாழும் நாம் பிறரினும் நன்கு உணர்தல் வேண்டும். 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ஒருசில ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதையன்றோ நம்முடையது! அக்கன்றுகளுள் ஒன்று எனப் போற்றப்படும் முதுமரம் இன்றும் அந்நகரில் நிற்கின்றது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருள் பிரியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, உளியும் காண்டா வாளியும் சுமந்து, நிரை நிரையாகப் பால் வெட்டினர். அப்பாலுக்கு விலை கூறியவர்கள் அவர்களல்லர்; இலண்டன் சந்தையும் சிங்கப்பூர்ச் சந்தையுமே விலை கூறின. 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ், எவ்வளவு ரப்பரை ஏற்றுமதி செய்யலாம் என்பதும் மேலிடத்திலேயே வரையறுக்கப்பட்டது. விலை ஏறியபோதும் இறங்கியபோதும் மரத்தடியில் நின்றவரை எவரும் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு வாழ்ந்த குடும்பங்களில், தன் கைவேலைக்குத் தானே விலை சொல்லும் பழக்கம் எங்ஙனம் வளரும்? இன்றும் நம் தாய்மார்கள் முறுக்குச் சுட்டு விற்கும்போது மாவுக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கின்றனரேயன்றி, அடுப்படியில் நின்ற நேரத்தைக் கணக்கில் எழுதுவதில்லை.

நுரை ரப்பருக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ரப்பர்ப் பாலில் சவர்க்காரம் கலந்து, முட்டை வெண்கருவை அடிப்பதுபோல் நுரைக்க அடித்து, நுரை அடங்குமுன் உறையச் செய்து, வெப்பத்தில் பதப்படுத்தி நுரை ரப்பரைக் கண்டறிந்தனர். நம்மவர் வெட்டிய பால் மெத்தையாகவும் நாற்காலித் திண்டாகவும் மாறியது இவ்வாறுதான். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்பாஞ்சு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பாலியூரித்தேன் நுரையாகும். பாவை செய்வதற்கு அதுவே ஏற்றது. கைக்கு இலேசு, கத்தரிக்கும் எளிது. ஆனால் வெயிலில் கிடந்தால் மஞ்சளித்துப் பொடியாகிவிடும். வாங்குவோரிடம் இதனை மறைக்காமல் கூறுதல் முறை.

தட்டையான ஸ்பாஞ்சிலிருந்து உருண்டையான தலை எவ்வாறு வருகின்றது? கணிதம் கசக்கின்றது என்று கூறும் பிள்ளைகளை இங்கேதான் அழைத்துவர வேண்டும். அரை அங்குலக் கனமுள்ள ஸ்பாஞ்சின் விளிம்பில் ஆப்பு வடிவத்தில் சில துண்டுகளை வெட்டியெடுத்து, வெட்டிய ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் தட்டை கிண்ணமாகின்றது. ஆப்பின் அகலம் கூடக் கூடக் கிண்ணத்தின் குழிவும் கூடும். காலணி தைப்போர் பயன்படுத்தும் மஞ்சட் பசையை இரு ஓரங்களிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பின்னரே அழுத்த வேண்டும். ஈரத்தோடு அழுத்திவிடும் அவசரக்காரர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர், ஆசிரியர்களாகிய நாங்களும்தாம். அப்பசையின் ஆவி உடலுக்குத் தீங்கானது. ஆதலின் பசை வேலையைத் திறந்த தாழ்வாரத்தில் பெரியவர்களே செய்தல் வேண்டும். வாய்க்கு, இரண்டாக மடித்த கெட்டி அட்டையின்மேல் சிவப்புத் துணி போதும். நான்கு விரல்கள் மேலுதட்டிலும் பெருவிரல் கீழுதட்டிலும் அமரும். கண்மணிகளைச் சற்றே மூக்கின் பக்கம் நெருக்கி வைத்தால், பாவை எதிரில் இருப்பவரை உற்று நோக்குவது போலத் தோன்றும்; நேர் நடுவில் வைத்தால் தூக்கத்தில் விழித்தவன் போல விழிக்கும்.

பேசும்போது ஒவ்வோர் அசைக்கும் ஒருமுறை பெருவிரல் கீழிறங்க வேண்டும். சொல்லை அசை பிரித்து வாசிக்கத் திணறும் முதலாம் ஆண்டு மாணவனுக்கு இதனினும் நல்ல பயிற்சி எது? அமெரிக்க நாட்டில் ஜிம் ஹென்சன் என்னும் இளைஞர் 1955-ஆம் ஆண்டில் தம் அன்னையின் பழைய மேலங்கியையும் ஒரு பிங்பாங் பந்தையும் கொண்டு செய்த பாவையே பிற்காலத்தில் 'கெர்மிட்' தவளையாக உலகெங்கும் அறியப்பட்டது. அத்தவளையையோ, தொலைக்காட்சியில் வரும் உப்பின், இப்பின் முகங்களையோ நாம் செய்து விற்றல் தகாது; அவற்றிற்கு உரிமையாளர் உளர். நமக்கு நரியும் காகமும், தெனாலிராமனும், மலாய்க் கதைகளின் தந்திரச் சருகுமானும், காண்டா வாளி சுமந்த பாட்டியும் இல்லையா?

இனி விலைக்கு வருவோம். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள், நாளொன்றுக்கு 8 மணி எனக் கொண்டால் 208 மணி நேரமாகின்றது. மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒரு பாவைக்குப் பொருட்செலவு 8 வெள்ளி எனவும், செய்ய 5 மணி நேரம் எனவும் வைத்துக்கொள்வோம். கூலி 40 வெள்ளி 85 காசு. ஆக மொத்தம் 48 வெள்ளி 85 காசு. தொழிற்சாலைப் பொம்மை மலிவாகக் கிடைக்கும் இக்காலத்தில் இவ்விலைக்கு யார் வாங்குவர் என்று நீங்கள் கேட்பது நியாயமே. வழக்கமாக நாம் செய்வது யாதெனில், கூலியை அழித்துவிட்டுப் பத்து வெள்ளி என்று எழுதுவதுதான். நான் வேண்டுவது வேறு. கூலியைக் குறைக்க வேண்டா, நேரத்தைக் குறையுங்கள். அட்டையில் ஒரே அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, பத்துத் தலைகளை ஒன்றாக வெட்டி, பத்து வாய்களை ஒன்றாக ஒட்டி, தைப்பவர் தைக்க, கண் வைப்பவர் கண் வைத்தால், ஒரு பாவைக்கு இரண்டு மணி நேரமே ஆகலாம். அப்போது கூலி 16 வெள்ளி 34 காசு. விலை 24 வெள்ளி 34 காசு. இக்கணக்கை மாணவரே கரும்பலகையில் போட்டுப் பார்க்கட்டும்.

அவ்விலைக்கு விற்குமா? மேசைமீது கிடக்கும் பாவை வெறுந்துணி மூட்டைதான். அதனைக் கையில் மாட்டி, வருவோரைப் பெயர் கேட்டு, ஒரு கதை கூறினால் விற்கும். கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்துப் பருத்திப்புள்ளியில் கையுறைபோல் மாட்டி ஆடும் 'பாவைக்கதகளி' என்னும் அருங்கலை உண்டு. ஆண்டிப் பண்டாரக் குடும்பத்தினர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று ஆடி, கொடுப்பதைப் பெற்று வாழ்ந்தனர். 20-ஆம் நூற்றாண்டில் அது மறையும் நிலையை எய்தி, 1980-களின் தொடக்கத்தில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் ஊக்கத்தாலும் கோ. வேணுவின் முயற்சியாலும் புத்துயிர் பெற்றது. ஆடத் தெரியாமற் போனதாலா அக்கலை மெலிந்தது? இல்லை, கொடுப்பவர் மனத்தை நம்பி வாழ முடியாமற் போனதால் மெலிந்தது என்றே நான் எண்ணுகின்றேன்.

"படிக்கும் பிள்ளைகளைக் கடைக்காரராக்குவதா?" என்று சில பெற்றோர் வினவுகின்றனர். வீதி வீதியாகப் பிள்ளைகளை விற்க அனுப்புவதை நானும் வன்மையாக எதிர்க்கின்றேன். பள்ளி விற்பனை நாளும், தீபாவளிக் காலத்து ஈப்போ லகாட் சாலைக் கடைவரிசையில் பெற்றோர் உடனிருந்து நடத்தும் ஒரு மேசையும் போதும். தொழிலாகவே தொடங்க விழையும் தாய்மார்கள், விளையாட்டுப் பொருள்களுக்கான 2009-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளை முதலில் கேட்டறிதல் நன்று. கழன்று விழும் கண்ணைக் குழந்தை விழுங்கிவிடக் கூடுமன்றோ?

முதலுக்கு எங்கே போவது என்பது அடுத்த வினா. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அது நன்கொடை நிதியன்று. கொடுத்தவர் ஒவ்வொருவரும் பங்குதாரர். அதே முறையில், பத்துக் குடும்பங்கள் ஆளுக்குப் பத்து வெள்ளி இட்டால் பாவைக்கு வேண்டிய ஸ்பாஞ்சு, துணி, பசை யாவும் மொத்தமாக வாங்கிவிடலாம். கணக்குப் புத்தகத்தை ஆறாம் ஆண்டு மாணவர் எழுதட்டும். விற்ற பணத்தில் முதலைத் திருப்பிய பின், வேலை செய்த நேரத்திற்கேற்பப் பகிரட்டும்.

பெற்றோர்களுள் சோபாப் பட்டறையிலோ மெத்தைக் கடையிலோ பணிபுரிவோர் இருப்பின், முதலாளியின் இசைவோடு வெட்டுத் துண்டுகளைக் கொணர்ந்து உதவுமாறு கேட்டுக்கொள்கின்றேன். வீட்டில் தையல் இயந்திரம் உள்ள தாய்மார்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். தைக்கும் நேரம் குறித்து வைக்கப்படும். அதற்கும் கூலி உண்டு. நரியின் காதை அம்மாணவன் சரிசெய்துவிட்டான். அது இப்போது ஆசிரியர் அறை அலமாரியில், 24 வெள்ளி 34 காசு என்று எழுதிய சீட்டோடு இருக்கின்றது.