"நாங்களே பாப்பம்"

"தாயைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில விட்டிட்டினம்." கோயில் வாசலில் இப்படிக் கதைப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கட சனத்துக்கு இதைவிடப் பெரிய வசை கிடையாது. இந்த வசைக்குப் பயந்து வீடு தேடி வரும் உதவியைக்கூட வேண்டாம் என்கிறோம். இது பாசம் இல்லை, பயம்.

எனக்கு அப்போது பதினாலு வயது. அம்மம்மாவின் தேவைகளைக் கேட்டு எழுத கொம்யூனில் இருந்து ஒருவர் வந்தார். வீட்டில் டெனிஷ் சரளமாக வந்தது எனக்குத்தான். குளிக்க வார்க்க ஆள் அனுப்பலாமா என்று கேட்டார். "வேண்டாம், நாங்களே பாப்பம் எண்டு சொல்லு" என்றா அம்மா. சொன்னேன். அம்மம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஆறு வருடம் அம்மா தனிய அவரைத் தூக்கி இறக்கினா. இன்றைக்கு அம்மாவின் முதுகே நிமிராது. "நாங்களே" என்றால் யார்? சனிக்கிழமைகளில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன மாமாமாரா?

இந்த நாட்டில் நிரந்தர வீட்டு உதவி 1989 முதல் இலவசம். பிச்சை இல்லை, எங்கள் பெற்றோர் தொழிற்சாலைகளில் நின்று கட்டிய வரியும் அதில் இருக்கிறது. அதற்கு முந்திய வருடமே பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மனிதர் தன் வீட்டிலேயே இருக்கட்டும், உதவி அங்கே போகட்டும் என்பதுதான் எண்ணம். நாங்கள் எதற்குப் பயப்படுகிறோமோ அதைத் தள்ளிப்போட வந்த உதவியைத்தான் வாசலில் வைத்தே திருப்பி அனுப்புகிறோம்!

கொம்யூனும் லேசுப்பட்டது இல்லை. வீட்டில் உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் இருந்தால், துப்புரவு வேலையை அவர் செய்வார் என்று கணக்குப் போடும். எங்கள் "நாங்களே பாப்பம்" அவர்களுக்கு மிச்சம் பிடிக்கும் வழி.

எவால் குரோ என்றொருவர் இருந்தார். தசைநலிவு நோயுடன் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அந்த நோயாளருக்காக 1971இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கோடையில் நீங்கள் போகும் 'குரூன்' இசை நிகழ்ச்சி அவர்களுடையதுதான். உதவியாளரைத் தானே தெரிந்து, தானே வேலை சொல்லும் உரிமைக்காக அவர்கள் போராடினார்கள். ஓகூஸ் நகரத்தின் பெயரிலேயே அந்த முறை பரவியது. எங்கள் வீடுகளிலோ, நடக்க முடியாத அண்ணாவைக் கலியாண வீட்டுக்குக்கூடக் கூட்டிப்போகாமல் அறைக்குள் இருத்திவிட்டு, "நல்லாப் பாக்கிறம்" என்கிறோம்.

"வெள்ளைக்காரிக்குப் புட்டு அவிக்கத் தெரியுமோ?" என்று கேட்பார்கள். தெரியாதுதான். அவர் குளிக்க வார்க்கட்டும், அம்மா புட்டை அவிக்கட்டும்.

அடுத்த முறை மொழிபெயர்க்க உங்களை மேசையில் இருத்தினால், அம்மா வாய் திறக்க முதல் அம்மம்மாவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எது விருப்பம்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே டெனிஷில் சொல்லுங்கள். அம்மா முறைப்பா. முறைக்கட்டும்.