மீந்த சோறு

ஒருமுறை உலை வைத்து இருவேளை உண்பது நம் அங்கத்தினர் இல்லங்களில் வழக்கம். அச்சிக்கனத்தை நாம் குறை கூறோம். ஆயின், காலையில் வடித்த சோறு மாலைவரை மூடிய பானையில் கிடந்தாலும் சுடவைத்தால் போதும் என்னும் நம்பிக்கையை ஒப்புவதற்கில்லை. அரிசியோடு வரும் ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கக்கூடியவை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். அந்நஞ்சு மறுபடி சுடவைப்பதால் அழியாது, வாடையும் காட்டிக்கொடுக்காது. உண்ட 6 மணி நேரத்துக்குள் வாந்தி. மறுநாள் தறி நிற்கும், கூலியும் போகும்.

மீதியை அகன்ற தட்டில் பரப்பி ஆற்றி, வடித்த 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே உண்டுவிடுதல் வேண்டும். பழையதுக்கு நீர் ஊற்றுவதும் சோறு ஆறியவுடனேயே. பகலெல்லாம் கிடந்த சோற்றில் இரவு நீர் ஊற்றுவதால் பயனில்லை. அதை எறிவதில் நமக்கும் வருத்தமே.