சேராத மனு

'குழந்தைக் கடத்தல்' என்றதும் நமக்கு மிட்டாய் கொடுத்துத் தூக்கிப்போகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவான். 1980ஆம் வருட ஹேக் உடன்படிக்கை பேசுவது வேறு விஷயம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோரில் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், பிள்ளையைத் திருப்பியனுப்பச் சொல்லி அந்த மற்றவர் கேட்கலாம். ஆனால் பிள்ளை கிளம்பிய அன்று அவருக்குச் சட்டப்படியான பராமரிப்பு உரிமை இருந்திருக்கவேண்டும். இல்லையென்றால் அது கடத்தலே அல்ல, வெறும் பயணம். கல்யாணம் ஆகாத தகப்பன்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

அயர்லாந்து வழக்கு ஒன்று. பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த ஜோடி, மூன்று பிள்ளைகள். உறவு கசந்து, 2009 ஜூலையில் தகப்பன் வக்கீலைப் பிடித்து மனு தயார் செய்கிறார். அது தாயின் கையில் சேர்வதற்குள், ஜூலை 25 அன்று தாய் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு விமானம் ஏறிவிடுகிறார். மனு சேரவில்லை, அதனால் வழக்கே தொடங்கவில்லை, அதனால் உரிமை இல்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2010 அக்டோபர் 5 அன்று அயர்லாந்துச் சட்டத்தில் தவறில்லை என்றது. தகப்பன் கோர்ட்டுக்குப் போய் உரிமை கேட்கலாமே, அது போதும் என்பது வாதம். பல வருடம் பிள்ளை வளர்த்தவனிடம் 'நீ விண்ணப்பம் போட்டிருக்கலாமே' என்கிறார்கள்! எத்தனை வீட்டில், எல்லாம் நன்றாக இருக்கும்போது, ஒருத்தன் கோர்ட்டுக்கு ஓடுவான்?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் டிஃபால்ட் என்று ஒன்று உண்டு. யாரும் எதையும் தொடாதபோது நிரல் என்ன செய்யும் என்பது. செட்டிங்ஸ் பக்கத்தைப் பெரும்பாலானவர்கள் திறப்பதே இல்லை, ஆகவே டிஃபால்ட்டை வைக்கிறவன்தான் முடிவெடுக்கிறவன்.

அடிக்கிறவனிடமிருந்து தப்பி ஓடுகிற பெண்ணை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மோதிரம் மாற்றிக்கொண்டவன் அடிக்கமாட்டானா? அவனுக்கு மட்டும் அதே நாட்டில் காப்பாளர் உரிமை தானாகவே வந்துவிடுகிறது, யாரும் அவன் குணத்தை விசாரிப்பதில்லை. பிள்ளைக்குக் கடுமையான ஆபத்து இருந்தால் திருப்பியனுப்ப மறுக்கலாம் என்று ஹேக் உடன்படிக்கையின் 13ஆவது பிரிவே சொல்கிறது. ஆபத்தை விசாரித்துத் தடுங்கள். கல்யாணப் பத்திரத்தை வைத்து அளக்காதீர்கள்.

2015இல் அயர்லாந்து சட்டத்தை மாற்றியது. தாயோடு 12 மாதம், அதில் பிள்ளை பிறந்தபின் 3 மாதமாவது, சேர்ந்து வாழ்ந்தால் தகப்பன் தானாகக் காப்பாளர். நல்லதுதான். ஆனால் 2016 ஜனவரி 18க்குப் பிறகு வாழ்ந்த நாட்கள்தான் கணக்கு. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு முந்தைய வருடம் பிரிந்தவன் பத்து வருடம் வளர்த்திருந்தாலும் பூஜ்யம்தான். தாயின் கையெழுத்தையோ கோர்ட் உத்தரவையோ வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதற்குள் விமானம் கிளம்பாமல் இருக்கவேண்டும்.