கடைமடை காய்ந்தால் வயலையா குற்றம் சொல்வது?

ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரித் தோப்பிலும் கட்டட வேலையிலும் உடலை உருக்கும் ஒரு தொழிலாளி. அவனுக்கு வயிறு வீங்குகிறது, கால் வீங்குகிறது, கண் மஞ்சளிக்கிறது. ஒரு நாள் சிறுநீரும் சுருங்கிவிடுகிறது. "ஈரலும் போச்சு, கிட்னியும் போச்சு. குடிகாரன், தானே தேடிக்கொண்டான்" என்று தீர்ப்புக் கூறுகிறார்கள். கணக்கு முடிந்தது!

முடிந்துவிட்டதா? இல்லை! இந்தத் தீர்ப்பில் மருத்துவமும் பிழை, நியாயமும் பிழை.

முதலில் மருத்துவம். ஈரல் தழும்பேறிச் சுருங்கினால் அதன் வழியே இரத்தம் தாராளமாக ஓட முடிவதில்லை. குடல் பக்கத்து இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்தம் அங்கே தேங்குகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் குழாய்களோ இறுகிச் சுருங்குகின்றன. கொள்ளிடக் கரை விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். தலைமடையில் உடைப்பு, கடைமடை காய்கிறது. வயல் கெட்டதா? இல்லை, தண்ணீர் வரவில்லை! இவ்வாறு ஈரல் நோயால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தவர்களின் சிறுநீரகங்களைப் பிறருக்குப் பொருத்தியபோது அவை வேலை செய்தன என்று 1969லேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள்.

இந்த நிலை பல சமயம் வராமலே தடுக்கக்கூடியது. வயிற்று நீரில் கிருமி தொற்றுவது, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, அளவு மீறிய நீர் மாத்திரை, இரத்த வாந்தி இவையே பெரும்பாலும் கடைசித் தள்ளு. வயிற்று நீரை 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆல்புமின் ஏற்ற வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். முற்றிவிட்டால் நிலையான பரிகாரம் ஈரல் மாற்று அறுவையே. அதற்குத் தொலைவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கூலியை இழந்து, நோயாளியைத் தூக்கிக்கொண்டு எத்தனை குடும்பம் ஓடும்?

இனி நியாயம். எல்லா ஈரல் சுருக்கமும் குடியால் வருவதல்ல. மஞ்சள் காமாலைக் கிருமிகளாலும் கொழுப்பாலும் வரும். குடியால் வந்ததென்றே வைத்துக்கொள்வோம். விற்றது யார்? 2003 முதல் சில்லறை மது விற்பனை சர்க்காரின் ஏகபோகம்! 2023-24ல் மட்டும் இதில் கஜானாவுக்குப் போன வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், நல்லது. மூடாத கடைகளின் கல்லாவில் விழுவது யாருடைய கூலி?

அரசியல் சட்டத்தின் 47வது விதி பொதுச் சுகாதாரத்தை உயர்த்துவதையும் மதுவை விலக்க முயல்வதையும் ஒரே மூச்சில் சர்க்காரின் கடமை என்கிறது. கடமையைக் கைவிட்டுக் கல்லாவைப் பிடித்தவர்கள், நோயாளியைப் பார்த்து ஒழுக்கம் பேசுவதா?

கூலிக்காரன் கொடுத்த பணம் கூலிக்காரனின் உயிருக்குத் திரும்பட்டும்! ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஈரல், சிறுநீரகப் பரிசோதனை இலவசமாக நடக்கட்டும்! ஆல்புமின் தட்டுப்பாடின்றி இருக்கட்டும்! குடியை விட விரும்புகிறவனுக்கு வைத்தியமும் படுக்கையும் கிடைக்கட்டும்! பச்சிலைக்கும் வலி மாத்திரைக்கும் ஓடாமல், வயிறு வீங்கிய முதல் வாரத்திலேயே டாக்டரிடம் போகும்படி அண்டை வீட்டாருக்குச் சொல்லுவோம்.

வயலைத் திட்டியது போதும். மடையை உடைத்தவனைக் கேட்போம்!